வர மறுப்பவர்

பிப்ரவரி 9

அன்புள்ள மகளுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்ப்பா" என்பாய். நீ கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன். ஆகவே அந்தப் பகுதியை இரண்டு பேரும் முடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் போனைப் பாதியில் வைத்துவிட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. காது முன்னைப் போல இல்லை. வீடியோவில் உன் வாய் அசைகிறது, எனக்கு மீன் தொட்டியைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. கடிதம் என்றால் வேண்டிய மட்டும் திருப்பித் திருப்பிப் படிக்கலாம். அதைச் சாக்கிட்டுத் தபால்காரரும் வாசல்வரை வருவார். இந்த வீட்டுக்கு வருகிற ஆட்கள் என்று பார்த்தால் அவரும், மாதம் ஒருமுறை மீட்டர் பார்க்கிறவரும்தான்.

நேற்று ஒத்திகை நடந்தது. நீ வேலை பார்க்கிற புயல் எச்சரிக்கை மையத்தில் சேர்ந்திருக்கிற நாடுகள் எல்லாம் ஒரே நாளில் நடத்துகிற அந்தப் புயல் ஒத்திகைதான். சைரன் ஊதியது எனக்கே லேசாகக் கேட்டது என்றால் பார்த்துக்கொள். எங்கள் தெருத் தொண்டர்களுக்குத் தலைவரான மருந்துக்கடைக்காரர் ஒரு வாரமாக வேஷத்துக்கு ஆள் தேடி அலைந்தார். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுக்க ஒருத்தர், மயங்கி விழ ஒருத்தர், காணாமல் போக ஒருத்தர். காணாமல் போக ஒப்புக்கொண்டவர் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்துத் தெரு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் நிஜமாகவே தேட வைத்துவிட்டார். என் வேஷத்துக்கு மட்டும் போட்டியே கிடையாது. வர மறுப்பவர் என்றால் அது அமீனா ஐயாதான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

வேறு யாரால் முடியும், சொல். வேலையில் இருந்த காலமெல்லாம் கோர்ட் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க் கதவையெல்லாம் தட்டியவன் நான். உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்ல எத்தனை வழி உண்டோ அத்தனையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நேற்று அதில் நாலைந்தை எடுத்துவிட்டேன். முதலில், வானம் தெளிவாக இருக்கிறது, போய் வேலையைப் பாருங்கள் என்றேன். பிறகு, அடுப்பில் பால் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு, என் மனைவி வெளியே போயிருக்கிறாள், அவள் வந்ததும் வருகிறேன் என்றேன். அதைச் சொன்னதும் என் அவசரப் பையைத் தூக்க வந்த பெண் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டாள். புதிதாகச் சேர்ந்தவள், நர்ஸ் படிப்பு படிக்கிறாள். அம்மா போய்ச் சேர்ந்தது அவளுக்குத் தெரியாதே.

உங்கள் கையேட்டில் இருக்கிறபடி மூன்றாவது தடவை வந்து பையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். நானும் சட்டப்படி எழுந்து போனேன். பள்ளிக்கூட மாடியில் எல்லோரும் கை தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்தபடியே கிடந்தது. மூட மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தேன்.

பையில் வைத்திருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டேன். புதிதாக வாங்கி வைக்க வேண்டும்.

உன் அப்பா


மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்துச் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். என்ன என்று கேட்டார்கள். டீக்கடையில் காணாமல் போனவர் கதையை மட்டும் சொன்னேன். அவரவர் நாட்டிலும் அப்படி ஒருத்தர் இருக்கிறாராம். காற்றுக்கும் தண்ணீருக்கும் எல்லைக்கோடு தெரியாது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். இந்த மாதிரி ஆட்களுக்கும் தெரியாது போலிருக்கிறது.

இங்கே போன மாதம் முழுக்க நிறத்துக்குச் சண்டை. ஒரு நாட்டில் ஆரஞ்சு என்றால் உடனே கிளம்பு என்று அர்த்தம், இன்னொரு நாட்டில் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிரு என்று அர்த்தம். எல்லோரும் ஒரே நிறத்துக்கு ஒரே அர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்றால் யாரும் இறங்கி வரவில்லை. ஒருத்தர் எதைக் காட்டினாலும் மஞ்சளே போதும் என்பார். மஞ்சள்காரர் என்றே பெயர் வைத்துவிட்டோம். ஆற்றின் மேல்பக்கத்து நாட்டிலிருந்து வந்தவர். பாவம், ஒரு தடவை சிவப்புக் காட்டி ஊரையே காலி செய்யச் சொல்லி, கடைசியில் தூறல்கூடப் போடவில்லையாம். அதிலிருந்து மனிதருக்குச் சிவப்பென்றால் அலர்ஜி.

அந்த மூன்று தடவை விதி எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொன்னதே இல்லை. கையேடு எழுத உட்கார்ந்தபோது, வர மறுப்பவரை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. ஒருத்தர், ஒரு தடவை சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றார். இன்னொருத்தர், நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். நான் எங்கப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு கதவுக்கு மூன்று தடவை போவார். மூன்றும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு குரலில். அதற்குப் பிறகுதான் நோட்டீஸைக் கதவில் ஒட்டுவார் என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். முதல் தடவை போய் விஷயத்தைச் சொல். இரண்டாவது தடவை, எதை விட்டு வர மனசில்லை என்று கேள். மூன்றாவது தடவை பையை எடுத்துக்கொண்டு நில். தெருவில் நின்று கூப்பிடாதே, வாசலுக்குப் போ. இத்தனை நாட்டுப் பாஷையிலும் இப்போது அது அச்சாகியிருக்கிறது. ஒரு வகையில் நீங்கள் எழுதினதுதான்.

அப்பா, அந்தத் திறந்து கிடந்த கதவைப் பற்றி எழுதியிருந்தீர்களே. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. என்னோடு வந்து இருந்துவிடுங்களேன். இங்கே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது, துணி காயப் போடுகிறேன். எனக்கும் வீட்டுக்குப் போனால் பேச ஆள் இல்லை. லிப்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் எண்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துவிடுகிறேன்.

வருவீர்களா?

உங்கள் வாலு


மார்ச் 24

அன்புள்ள வாலுக்கு,

என்னைப் போய்ப் பல பாஷையில் அச்சடித்திருக்கிறாயா? நோட்டீஸ் கொடுக்கப் போன இடத்தில் நாயை அவிழ்த்துவிட்டவர்கள் எல்லாம் அதைப் படிக்க வேண்டும்.

அங்கே வருகிற பேச்சை விடு. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, குழாய்க்காரர் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று இழுக்கிறார். நான் இல்லாத நேரம் பார்த்து வந்துவிட்டால் அதோடு போச்சு. அம்மா வைத்த செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் வரியை வேறு இந்த மாதம்தான் கட்ட வேண்டும். உன் வீடோ ஏழாவது மாடி. லிப்ட் நடுவில் நின்றால் நான் யாரைக் கூப்பிடுவேன், கூப்பிட்டு அவர் பதில் சொன்னால் எந்தக் காதால் கேட்பேன்? இந்த வயசில் இடம் மாறுவதெல்லாம் ஆகிற காரியமா.

நின்றுகொண்டு சாப்பிடாதே. தட்டை மேஜையில் வைத்து உட்கார்ந்து சாப்பிடு. அது ஒரு பழக்கமாக ஆகிவிட்டால் அப்புறம் உட்காரவே தோன்றாது. எனக்குத் தெரியும்.

அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்தது என்று நீ எழுதவில்லையே.

உன் அப்பா


மே 11

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, திட்டாதீர்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய்க் கையேட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மீன்பிடி ஊரில் வயசான ஒரு அம்மா வர மறுப்பவராக நடித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சமாளித்தேன்.

ஜன்னல் தெருப் பக்கம் பார்த்தது. கீழே பஸ் நிற்கும். யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். உங்களுக்குப் பிடிக்கும். குழாயைச் சரி செய்துவிட்டார்களா? செம்பருத்திக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தண்ணீர் ஊற்றமாட்டார்களா? வரியை நானே இங்கிருந்து கட்டிவிடுகிறேன். லிப்ட் நின்றால் நான் படியேறி வந்து கதவைத் தட்டுகிறேன்.

இன்னொரு தடவை கேட்கிறேன். வாங்கப்பா.

உங்கள் வாலு


ஜூன் 3

அன்புள்ள மகளுக்கு,

குழாயை நானே கயிறு சுற்றிச் சரி செய்துவிட்டேன். தையல்காரம்மா மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், திரும்பி வருவார்களா என்று தெரியவில்லை. அவர்கள் தையல் மெஷின் ஓடினால் எனக்குச் சத்தம் கேட்காது, ஆனால் தரை அதிரும். இப்போது அதுவும் இல்லை.

நான் வந்தால் உனக்குத்தான் தொந்தரவு. பாஷை தெரியாத ஊரில், காதும் கேட்காமல், ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். நீ காலையில் போனால் எப்போது வருவாய் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். உன் வேலை எப்பேர்ப்பட்ட வேலை. உன் ஒரு சொல்லுக்கு எத்தனை ஊர் கிளம்புகிறது. அதில் இந்தக் கிழவனை வேறு கட்டி இழுப்பானேன். வேண்டாம்மா, இங்கேயே ஓட்டிவிடுகிறேன்.

அங்கே குளிர் எப்படி? என்னிடம் இருக்கிற ஸ்வெட்டர் போதுமா என்பதற்காகக் கேட்கவில்லை. சும்மா கேட்டேன்.

உன் அப்பா


ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நிறைய யோசித்தேன். ஆபீசில் ஒரு தோழியிடமும் சொன்னேன். பெரியவர்களுக்கு அவர்கள் வீடுதான் பலம், திரும்பத் திரும்பக் கேட்டு நெருக்காதே, அவர் முடிவை மதி என்றாள். சரியென்று பட்டது.

அதனால் இனிமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன். உங்களைச் சங்கடப்படுத்தியிருந்தால் மன்னித்துவிடுங்கள். அந்த அறையில் ஆபீஸ் பெட்டிகளை அடுக்கிவிட்டேன், கையேடு மீந்துபோனதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஜன்னல் பாதி மறைந்துவிட்டது, பரவாயில்லை.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மகள்


செப்டம்பர் 20

அன்புள்ள மகளுக்கு,

சரி என்று எழுதியிருந்தாய். சரி.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. தபால்காரர் மாறிவிட்டார். புதியவர் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை, வாசலில் வீசிவிட்டுப் போகிறார். மீட்டரையும் இப்போது ஆபீசிலிருந்தே பார்த்துக்கொள்கிறார்களாம், ஆள் வருவதில்லை. நேற்று யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தால் காற்று.

வேலையில் இருந்தபோது, என் காலடிச் சத்தம் கேட்டாலே தெருவில் கதவெல்லாம் சாத்திக்கொள்ளும். அப்போது அதைச் சொல்லி உன் அம்மாவிடம் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரியில்தானே அடுத்த ஒத்திகை? தேதி முடிவானால் எழுது.

உன் அப்பா


நவம்பர் 19

என் அப்பாவுக்கு,

புயல் கரை கடந்ததும் மருந்துக்கடைக்காரரிடமிருந்து மெசேஜ் வந்தது. தெரு முழுக்கப் பள்ளிக்கூட மாடியில், உங்கள் அப்பாவும் இங்கேதான் என்று போட்டிருந்தார். போன் லைன் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகுதான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று ஞாபகம் வந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நான் இந்த வேலைக்கு வந்ததே இப்படி ஒரு நாளைப் பார்க்கத்தான் என்று தோன்றுகிறது. கடலில் மிதக்கிற கருவி ஒரு நாட்டுடையது, ரேடார் இன்னொரு நாட்டுடையது. அந்த இரண்டு நாடும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசி எத்தனையோ காலம் ஆகிறது. ரேடார் நாட்டுக்காரர் மேலிடத்தைக் கேட்கக்கூட இல்லை, படத்தைத் திருப்பி வைத்து, பாருங்கள் என்றுவிட்டார். எங்கள் மஞ்சள்காரர் நாற்காலியை விட்டு எழுந்து, அவராகவே சிவப்பு என்றார். அவர் நாட்டு அணையைத் திறப்பதையும் ஒரு நாள் தள்ளிப்போட வைத்தார். கடல் ஏறுகிற நேரத்தில் ஆறும் சேர்ந்து வந்திருந்தால் உங்கள் பக்கம் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஒவ்வொரு ஊராகப் பெயர் வந்துகொண்டிருந்தது, எல்லோரும் வெளியேறியாயிற்று என்று. உங்கள் தெரு வந்ததும் நான் சிரித்துவிட்டேன். என்ன என்றார்கள். எங்கப்பா இருக்கிற தெரு, அவர்தான் முதல் ஆளாகப் போய் மற்றவர்களுக்கு இடம் பிடித்திருப்பார் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். மஞ்சள்காரர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீடு எப்படி இருக்கிறது? எழுதுங்கள்.

உங்கள் வாலு


நவம்பர் 22

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை, தபால் நின்றுபோயிருக்கிறது. வந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பயப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன். வீட்டில் சேறு, அவ்வளவுதான். செம்பருத்தி போய்விட்டது.

அன்றைக்கு மத்தியானம் சைரன் ஊதியிருக்கிறது. காற்றில் எனக்குக் கேட்கவில்லை. ஜன்னலில் பார்த்தபோதுதான் தெருவில் எல்லோரும் பையோடு போவது தெரிந்தது. என் பையும் தயார். பிஸ்கட் புதிது வாங்கி வைத்திருந்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நீ கேட்பாய், ஏன் அப்பா உட்கார்ந்தீர்கள், எழுந்து போக வேண்டியதுதானே என்று. எனக்கே தெரியவில்லை. எப்போதும் அப்படித்தானே. அவர்கள் வருவார்கள், நான் மாட்டேன் என்பேன், மறுபடியும் வருவார்கள்.

அந்த நர்ஸ் படிக்கிற பெண் தெருமுனையிலிருந்து ஓடி வந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஏதோ கத்தினாள், வாயசைவில் கிளம்புங்கள் என்கிறாள் என்று புரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை ஆட்டி, "நான் வரல, போங்க" என்றேன். வாலு, சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்துவிட்டது. அவள் சிரித்தாள். "ஐயா, இன்னைக்கு நடிக்க வேண்டாம், நெசம்!" என்று இந்தத் தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினாள், எனக்கே கேட்டது. கத்திவிட்டு அடுத்த சந்துக்கு ஓடிவிட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். அங்கே ஒரு கைக்குழந்தை இருக்கிறது.

சரி, இரண்டாவது தடவை வருவாள் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் வராவிட்டால் மருந்துக்கடைக்காரர் வருவார் என்று உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன். அடுப்பில் பால் வேண்டாம், போன தடவை சொன்னது. தெரு காலியாகிவிட்டது. ஒரு நாய் போனது. அப்புறம் அதுவும் இல்லை. தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து என் செருப்பை எடுத்துக்கொண்டு போனபோதுதான், இனி யாரும் வரமாட்டார்கள் என்று புரிந்தது.

வாழ்க்கையில் நான் அப்படி ஒரு நாளும் தனியாக இருந்ததில்லை. அம்மா போன அன்றைக்குக்கூட வீடு நிறைய ஆள் இருந்தது.

எழுந்து நின்று, "ஐயா, நேரமாச்சு, பையைக் குடுங்க" என்று நானே சொல்லிக்கொண்டேன். சத்தமாகத்தான் சொன்னேன். காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். தண்ணீர் முழங்கால் அளவு. ஒரு இடத்தில் தொடை வரைக்கும். மருந்துக்கடைக்காரர் என்னைப் படியில் பார்த்துவிட்டுச் சுவரோடு சாய்ந்துவிட்டார். "உங்களைப் போய் யாரும் பாக்கலையே ஐயா. எங்களுக்கே சொல்லிக் குடுக்கறவர், முதல் ஆளா வந்திருப்பீங்கன்னு எல்லாரும் நெனச்சுட்டோம்" என்றார். அந்தப் பெண் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சமாதானப்படுத்தினேன். நன்றாக நடித்தேன் என்றால் அதற்கு நீ என்ன செய்வாய் என்றேன்.

பிப்ரவரியில் அந்த வேஷத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

உன் அப்பா


டிசம்பர் 4

என் அப்பாவுக்கு,

கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. லிப்டில் நின்றபடியே பிரித்தேன். என் மாடி வந்ததும் போனதும் தெரியவில்லை. கடைசி மாடிவரைக்கும் போய்விட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, முன்பின் தெரியாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

கடலுக்கு நடுவில் மிதக்கிற கருவியிலிருந்து உங்கள் தெருமுனைவரை எல்லாம் சரியாக வந்து சேர்ந்தது. அத்தனை நாடும் விட்டுக்கொடுத்து, சண்டை போட்டு, ராஜியாகி, நிறம் மாற்றி, அணையை நிறுத்தி, தெருமுனைவரை கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். தெருமுனையிலிருந்து உங்கள் வாசலுக்கு வரத்தான் ஆள் இல்லை. அந்த நேரத்தில் நான் இங்கே கை தட்டிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குக் கூட்டத்தில் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, ஒரு தெருவில் வர மறுப்பவராக நடிக்கிற ஒருத்தர் என்று மட்டும் சொன்னேன். மஞ்சள்காரருக்குப் புரிந்துவிட்டது. அவர்தான் முதலில் கையைத் தூக்கினார். ஒத்திகையில் நடிக்கிறவர் வீட்டுக்கும் போக வேண்டும், அங்கேதான் முதலில் போக வேண்டும், நமக்கு எல்லாம் தெரியும் என்று சொல்கிறவர்கள் வீட்டுக்கும் போக வேண்டும் என்று எழுதச் சொன்னார். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. இந்த மேஜையில் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

அப்பா, வீட்டுக்கு வந்து உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்வெட்டருக்காக இல்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு தடவைதான் கேட்டேன். அதுவும் தெருவில் நின்று கூப்பிட்ட மாதிரி, இத்தனை தூரத்திலிருந்து, ஒரு தாளில். கேட்டுவிட்டு, அவர் முடிவை மதிக்கிறேன் என்று சொல்லிப் பெட்டிகளை அடுக்கிவிட்டேன்.

இப்போது பெட்டிகளைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டேன். ஜன்னலில் பஸ் தெரிகிறது. லீவ் எழுதிக் கொடுத்தாயிற்று. இருபதாம் தேதி கிளம்புகிறேன். கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறேன், பார்த்துவிட்டுப் போக இல்லை. இந்தக் கடிதம் உங்களைக் கேட்பதற்காக எழுதினது இல்லை. கேட்பதை வாசலில் வந்து கேட்கிறேன்.

உங்கள் வாலு


டிசம்பர் 13

வாலு,

சேற்றை வழித்து வீட்டைக் கழுவிவிட்டேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு மட்டும் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் இப்போதெல்லாம் கடை திறப்பதற்கு முன்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். குற்ற உணர்ச்சியில் வருகிறார், பாவம். மனிதர் வாசலில் நின்றுகொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்கிறார். எத்தனை நாளைக்கு வருவார்.

பை கட்டியே இருக்கிறது. ஸ்வெட்டரைத் துவைத்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் சுருங்கிவிட்டது.

உனக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன், வந்த இடத்தில் நீ மனசு ஒடிந்து நிற்கக் கூடாது பார். எனக்கு இது பழகிப்போன வாய். நீ வாசலில் நின்று கேட்டதும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். குழாயைச் சொல்வேன், அம்மாவைச் சொல்வேன். உள்ளே போய்ச் சாமான் உருட்டுவேன். இரண்டாவது தடவை கேட்டாலும் அப்படித்தான்.

இரண்டோடு நிறுத்திவிடாதே.

உன் அப்பா